காலூன்ற ஒரு காணி

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் மனம் ஒரு நிலையில் நிற்காது, ஆறு மாதம் போனால் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களும் கேரளத்துக்காரர்களும் எனக்கு அப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் பலருக்குப் பழகியும் விட்டது. இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தோஹாவுக்கு வந்த எங்களுக்கு அது ஏன் லேசில் பழகுவதில்லை என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். குளிரில் வளர்ந்த உடம்புக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாததும், வீட்டு ஞாபகமும் பாதிக் காரணம்கூட இல்லை.

எங்கள் அறையில் லிந்துலையிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். இங்கே காலை நாலரை என்றால் அங்கே ஏழு. அலாரம் இல்லாமலே அந்த நேரத்துக்கு விழித்துவிடுவான். மேல்கட்டிலில் குப்புறப் படுத்து, போன் வெளிச்சம் எங்கள் முகத்தில் அடிக்காதபடி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அம்மாவுக்கு அழைப்பான். "மழையாம்மா? இன்னைக்கு எந்த மலையில கொழுந்து?" அம்மா எட்டாம் நம்பர் மலை என்றால், அட்டை கடிக்குமே என்று இவனுக்குக் கவலை வந்துவிடும். பிறகுதான் அசல் கேள்வி: "காம்பராவுக்குள்ள ஒழுகுதா?" கூரைக்கும் குசினிக்கும் போன வருடமே காசு அனுப்பியிருந்தான். தகரம் மாற்றியாயிற்று. குசினியை இரண்டடி இழுத்துக் கட்டத் தோட்டத்தில் இன்னும் அனுமதி தரவில்லை. வாங்கிப் போட்ட கற்கள் வாசலில் பாசி பிடித்துக் கிடக்கின்றன. அம்மா தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்கப் போகிறார்.

இந்தக் கற்களில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்து அறை மலப்புரத்துக்காரர் மாதாமாதம் தன் வீட்டு அத்திவாரத்தின் படத்தைக் காட்டுவார். ஏங்கும்போது அவர் மனம் போய் இறங்க ஓர் இடம் இருக்கிறது, அது அவர் பெயரில் இருக்கிறது. நாங்கள் பிறந்த பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். லீவில் போனாலும் நாலு நாளில் அங்கேயும் இருப்புக் கொள்ளாமல் போகிறதே, ஏன்? விட்டு வந்த இடமும் எங்களுடையதாக இல்லாததால்தான் என்று நினைக்கிறேன்.

என் அம்மாயி திம்புள்ளையை விட்டு எங்கும் வேலைக்குப் போனவர் அல்ல. ஆனாலும் இந்தத் தவிப்பை நான் முதலில் கண்டது அவரிடம்தான். 1948 பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். அம்மாயியின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏறியது. அதைத்தான் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்த அம்மாயி, தன் முறைக்காக டிரங்குப் பெட்டியில் ஒரு கம்பளியும் பித்தளைச் செம்பும் அடுக்கி வைத்துக் காத்திருந்தார். 1984இல் கப்பல் நின்றது. பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தது. 2003இல் சட்டம் வந்து இலங்கைப் பிரசையான பிறகும் அவர் அந்தக் கம்பளியை எடுத்துப் போர்த்தவில்லை. தை மாதப் பனியிலும் பழைய சாக்கைத்தான் சுற்றிக்கொண்டு படுப்பார்.

வீட்டு வேலைக்குக் குவைத்துக்கும் சவூதிக்கும் போகும் எங்கள் பெண்களின் பாடு எங்கள் பாட்டைவிடக் கடினம். பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வந்த குழந்தை பாட்டியை அம்மா என்று கூப்பிடுவதைப் போனில் கேட்டுக்கொண்டு, யாரோ ஒருவரின் குழந்தைக்குச் சோறூட்டுபவர்கள் அவர்கள். அதைப் பற்றி அவர்களே எழுத வேண்டும்.

"மனசைக் கட்டுப்படுத்து, வந்த வேலையைப் பார்" என்று இங்குள்ள மூத்தவர்கள் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று தலைமுறையாக இதைத்தானே எங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள்? 2023இல், மலையகத்துக்கு வந்து இருநூறு வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சனங்கள் நடந்தபோது, நாங்கள் அறையில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அன்றிரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. அந்த நடையில் கேட்ட கோரிக்கைகளில் காணியும் ஒன்று. எங்களைத் தூங்கவிடாமல் செய்வதும் அதே கோரிக்கைதான் என்று எனக்கு அன்று பட்டது. அதை அடக்கிக்கொள்ளப் பழகினால் லயத்துக்கும் பழகியவர்களாகிவிடுவோம்.

லயத்துக் குடும்பங்களுக்கு உறுதியோடு 7 பேர்ச்சஸ் காணி தருவதாகப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. ஏறத்தாழ 1,900 சதுர அடி. சில தோட்டங்களில் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன, இந்திய உதவியிலும் கட்டினார்கள். லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள் இன்னும் ஏராளம். அதனால் காத்திராமல் கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் சொந்தமாகத் துண்டுக் காணி தேடும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். லிந்துலைத் தம்பியும் தேடுகிறான். கம்பனி அவனிடம் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. கையெழுத்துப் போடட்டுமா என்று என்னைக் கேட்டான். காணிக்கென்றால் போடு, லயத்துக் குசினிக்கென்றால் போடாதே என்றேன். நேற்று அவன் அப்பா கொட்டகலையில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உறுதியை நொத்தாரிசிடம் காட்டும் வரை முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று நானே அவரோடு பேசிச் சொன்னேன்.