கண்ணில் படாத இணைப்பும் கொல்லாமையும்

இலுப்பூர் வட்டாரத்து மானாவாரிச் சீமையில் கண்மாய் வற்றினால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்தான் கதி. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கேபிள் நுனியில் மாட்டும் ‘லக்’ என்னும் உலோக முனையைக் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டாலும், சுத்தியலால் தட்டிவிட்டாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத இந்த அசட்டை பாவமாகுமா? ஆகும், விபத்தே நேராவிட்டாலும் ஆகும் என்பது என் துணிபு. சரியான அழுத்தத்தில் செம்பு இழைகளும் லக்கும் காற்றுக்கு இடமின்றி இறுகிவிடும். அரைகுறையாக நசுக்கினால் சில இழைகளே தொடும், மின்தடை கூடும். 10 எச்.பி. மோட்டார் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும்போது இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், விரல்நுனி அளவு இடத்தில் 22 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சூட்டில் ஆக்சைடு படியும், தடை ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும். பியூஸ் இதைத் தடுக்காது. மின்னோட்டம் மிகுந்தால்தான் அது உருகும். தளர்ந்த இணைப்போ மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை. பியூஸ் போன்ற காவல் இந்தப் பிழையைக் காணாது என்பதால், பொறுப்பு முதலில் அழுத்துகிற கையில்தான் இருக்கிறது.

வள்ளுவர் கொல்லாமையை அறத்துப்பாலில் 33ஆம் அதிகாரமாகவும், அசட்டையின்மையாகிய பொச்சாவாமையைப் பொருட்பாலில் 54ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இவ்விரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்தது சமணம். இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில், அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குன்றில், அந்நெறியின் துறவிகள் நோன்பிருந்த கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. உமாசுவாதியின் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற செயலால் உயிரைப் பறிப்பதையே இம்சை என்று வரையறுக்கிறது. அங்கே பகை ஒரு நிபந்தனையாகவே இல்லை. அப்படியானால் எல்லா விபத்தும் பாவமா என்று கேட்கலாம். இல்லை. பார்த்துப் பார்த்து நடப்பவர் காலடியில் பூச்சி மடிந்தால் அவரைப் பழி சேராது என்றும் சமண ஆசிரியர்கள் சொல்கிறார்கள். முறையாக அழுத்தி, இழுத்துப் பார்த்து மாட்டிய லக் உள்ளிருந்த உற்பத்திக் குறையால் கருகினால், அதை மாட்டிய ஒயர்மேன் மீது குற்றமில்லை. மறுபக்கம், பழியைத் தீர்மானிப்பது கவனமே என்றால், நசுக்கிவிட்ட இணைப்பு பத்தாண்டு தாங்கினாலும் அவர் குற்றம் குறைவதில்லை. தாங்கியது மோட்டார் கொஞ்ச நேரமே ஓடியதாலாக இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதில் அவருடைய அறம் எதுவுமில்லை.

நாள்கூலிக்கு வருகிறவரிடம் நல்ல கருவி வாங்கக் காசு ஏது என்பதே வலுவான மறுப்பு. அதை நான் தள்ளமாட்டேன். ஆனால் அதனால் பாவம் கரைவதில்லை, பங்குதான் பிரிகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் சமணம் வினையாகவே எண்ணுகிறது. கருகும் பயிரைக் கண்டு பதறி “இப்போதைக்குத் தட்டிவிடுங்க” என்று சொல்லும் நிலத்துக்காரரும், கூலியில் நூறு ரூபாயைக் குறைத்தவரும், கருவி வாங்கித் தராமல் ஆளை அனுப்பிய ஒப்பந்தக்காரரும் அந்த லக்கில் ஆளுக்கொரு கை வைத்தவர்களே. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஸ்டார்ட்டரைத் தொடப்போவது இவர்களில் யாருமாக இல்லாமல், எதுவும் அறியாத ஒரு பண்ணையாளாகவும் இருக்கலாம்.