இருண்ட உள்ளமும் முதற் காதலும்: ஓர் அறவியல் நோக்கு

தமிழ் அகப்பாடல் மரபிலே வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகளின் மெலிவைக் கண்ட தாய், அது காதலால் விளைந்தது என்பதை அறியாது, தெய்வத்தால் வந்த நோயெனக் கருதி வேலனை அழைப்பாள். காதல் நோயெனக் கொள்ளப்பட்ட தவறு அது. இன்று நம்மிடையே நிகழ்வதோ அதற்கு மறுதலையான தவறாகும். உண்ணாமலும் உறங்காமலும், பேச்சொழிந்து, படிப்பிலும் விளையாட்டிலும் நாட்டமற்று, வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும் பதினேழு வயதினரைக் கண்டால், ‘வயதுக் கோளாறு’ என்று சிரித்துவிட்டு அகன்று விடுகின்றோம். இங்கே நோயே காதலெனக் கொள்ளப்படுகின்றது. தாய் தவறியபோது ஓர் ஆட்டுமறி பலியாயிற்று. நாம் தவறும்போது ஓர் உயிரே பலியாகலாம்.

மனச்சோர்வு முதற் காதலோடு பின்னிக்கொள்ளும்போது இரு வினாக்கள் எழுகின்றன. துயருற்றவர் தம்மை நேசிப்பவருக்கு எதனைச் செய்யக் கடமைப்பட்டவர்? நேசிப்பவர் துயருற்றவருக்கு எவ்வளவு தூரம் கடமைப்பட்டவர்? இவற்றை ஆராய்வதற்கு டென்மார்க் நாட்டு மெய்யியலாளர் சோரன் கீர்க்ககாட்டின் வாழ்வு பெரிதும் துணைபுரியும்.

1813 இல் கோப்பன்ஹேகனிற் பிறந்த கீர்க்ககாட், 1837 இல் ரெகீனே ஓல்சனை முதன்முதலிற் சந்தித்தபோது அவளுக்கு வயது பதினைந்து. 1840 செப்டெம்பரில் இருவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், 1841 ஓகஸ்ட் மாதத்தில், அவர் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். அவள் அதனை ஏற்கவில்லை. தம்மைக் கைவிட வேண்டாமென மன்றாடினாள். அவரோ அவளாகவே தம்மை வெறுத்து விலகட்டும் என்று கருதி, அன்பற்றவர் போலவும் கயவர் போலவும் நடிக்கலானார். ஒக்டோபரில் உறவு முற்றாக முறிந்தது; அவர் பேர்லினுக்குச் சென்றார். தந்தையிடமிருந்து தமக்கு வந்ததென அவர் கருதிய ஆழ்ந்த மனத்துயரே இம்முறிவுக்கான காரணங்களுள் முதன்மையானது என்பது அவருடைய நாட்குறிப்புகளிலிருந்து தெரியவருகின்றது. திருமணத்தில் ஒளிவுமறைவு இருத்தலாகாது. தமது இருளையோ அவளிடம் திறந்து காட்டவியலாது. ஆகவே விலகுதலே நேர்மை என்பது அவரது வாதம்.

இவ்வாதத்தில் ஓர் உயர்வு உண்டு என்பதை மறுத்தல் இயலாது. தாம் மூழ்கும் வெள்ளத்தில் இன்னொருவரையும் இழுக்கலாகாது என்ற எண்ணம் தன்னலம் அன்று. உறவை முறிக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் இரண்டு செயல்களைச் செய்தார்: ஒன்று விலகியமை, மற்றையது விலகியதன் காரணத்தைப் பொய்யால் மூடியமை. முன்னையதை ஏற்பவர்கள் பின்னையதையும் ஏற்க வேண்டுவதில்லை.

நன்மை கருதியும் பொய் கூறலாகாது என்று ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1797 இல் வாதிட்டார். அவ்வளவு கடுமையான விதியை நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவருடைய வாழ்வைப் பற்றிய செய்தியை அவரிடமிருந்தே மறைத்து, அவருக்குரிய முடிவை நாமே எடுத்தல், அவரைச் சிந்திக்கவியலாத பொருளாக நடத்துவதாகும். ‘பதினெட்டு வயதுப் பெண் என்ன அறிவாள்?’ எனச் சிலர் வினவலாம். மோதிரத்தை ஏற்கப் போதுமான வயது, அது திருப்பப்படும் காரணத்தைக் கேட்கவும் போதுமானதே.

இதனிலும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உண்மையைக் கூறியிருப்பின் இரக்கம் அவளைக் கட்டிப்போட்டிருக்கும் அல்லவா? இருக்கலாம். ஆனால் நோயைத் தெரிவித்தல் வேறு. நோயைக் காட்டி உடனிருக்குமாறு கேட்டல் வேறு. முன்னது உண்மை, பின்னது நிர்ப்பந்தம். மேலும், ‘நான் பிறர்க்குப் பாரம், நேசிக்கப்படத் தகுதியற்றவன்’ என்ற உறுதி மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்றென மருத்துவம் இன்று கூறுகின்றது. என்றோ மறைந்தவருக்கு நாம் நோய் நிர்ணயம் செய்தல் முறையன்று. எனினும் இன்று அதே உறுதியோடு பேசும் இளைஞர் ஒருவரை நோக்கி, ‘இது உன் அறிவின் தீர்ப்பா, உன் நோயின் குரலா?’ எனக் கேட்கும் கடமை நமக்குண்டு.

இனி மற்றைய வினா. அவர் பிரிந்தால் தாம் இறந்துவிடுவதாக ரெகீனே கூறியதை கீர்க்ககாட்டே குறித்துள்ளார். அவள் இறக்கவில்லை; 1847 இல் பிரெடெரிக் ஷ்லெகலை மணந்து, 1904 வரை வாழ்ந்தாள். எல்லோர்க்கும் அவ்வாறே அமையும் என்று கூறுவதற்கில்லை. இளவயது மரணங்களின் முதன்மையான காரணங்களுள் தற்கொலையும் ஒன்று. ஆகவே அத்தகைய சொல்லை எவர் கூறினும் அதனை விளையாட்டாகக் கொள்ளலாகாது. ஆயினும் அதற்குரிய மறுமொழி ‘என்றும் பிரியேன்’ என்ற அச்சத்தில் விளைந்த வாக்குறுதி அன்று. ஓர் உயிரைப் பணயமாக வைத்துப் பெறப்படும் அன்பில் கொடுப்பவரின் சுதந்திரம் இல்லை. சுதந்திரம் இல்லாத இடத்தில் அன்பும் நிலையாது.

அவ்வாறாயின் நேசிப்பவரின் கடமை யாது? பதினெட்டு வயதினர் ஒருவர் காதலராக இருக்கலாம்; மருத்துவராக இருக்கவியலாது. ‘ஒருவருக்கும் சொல்லாதே’ என்று வாங்கப்படும் சத்தியமே இங்கு பெருந்தடையாகின்றது. அச்சத்தியம் ஏன் கட்டுப்படுத்துகின்றது? நண்பரின் நலத்தைக் காப்பதற்காக. அதைக் காப்பதனாலேயே நண்பர் அழியக்கூடுமாயின், அதன் அடிப்படையே அற்றுப்போகின்றது. பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, மருத்துவரிடமோ சென்று சொல்லுதல் துரோகம் அன்று. ஒருவர் தனியே தாங்கவியலாத சுமையைப் பலர் தோளுக்கு மாற்றுதலாகும். அதன் பின்னர் உடனிருப்பதா பிரிவதா என்பதை அவர் அச்சமின்றி முடிவு செய்யலாம். பிரிவதாயினும் உண்மை கூறிப் பிரிதல் வேண்டும்.

கீர்க்ககாட் 1855 இல் மறைந்தார். அதன் பின்னரே அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் ரெகீனேயின் கைகளைச் சென்றடைந்தன. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவளுக்கு உரித்தாயிருந்த காரணம், முப்பதைக் கடந்து, இன்னொருவர் மனைவியாகி, கடல் கடந்து வாழ்ந்த காலத்திலேயே அவளிடம் வந்து சேர்ந்தது. அவளை நேசித்தவர் அவளுக்குக் கொடுத்திருக்கக் கூடியதும் கொடுக்க மறந்ததும் அதுவே.