மகவுக்குரிய கடன்

கணவனும் மனைவியும் தம்முட் பிரிதல் கூடும். மகவு இருவர்க்கும் மகவேயாம். காஞ்சிபுரம் மாவட்டத்துச் சேரப்பணஞ்சேரியில் உறைந்து, ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலிபெறுந் தந்தை ஒருவனை உதாரணமாகக் கொள்வாம். கூலியில் ஒரு பகுதியைத் தாயிடம் வளரும் மகவுக்கு அளிக்குமாறு நீதிமன்றம் விதிக்கின்றது. 'மகவைக் காட்டாதாட்கு யான் ஏன் கொடுத்தல் வேண்டும்?' என்பன் அவன். 'கொடாதான் ஏன் காண்டல் வேண்டும்?' என்பள் அவள். அப்பொருள் அவள் கைவழியாக மகவைச் சேர்வதென்பதை அவன் மறந்தான். தந்தையைக் காண்டல் மகவின் உரிமையென்பதை அவள் மறந்தாள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு (பெயர் புதிதாயினும் பொருள் 1898, 1973-ஆம் ஆண்டுச் சட்டங்களில் உள்ளதே) முறைமணத்திற் பிறவா மகவுக்கும் இவ்வுரிமையை நல்குகின்றது. கொடாதவழி ஒவ்வொரு திங்களின் நிலுவைக்கும் ஒரு திங்கள்வரை சிறை விதிக்கலாம்.

ஈண்டு ஓர் ஐயம். நுகர்ந்த வினை கழியுமன்றே. சிறைத்துன்பம் நுகர்ந்தவனது கடனும் அவ்வாறே கழியாதோ எனின், கழியாது. சிறை கொடுப்பிக்கும் வாயிலேயன்றிக் கொடுத்ததாகாது என 1988-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கு மனைவிக்குரிய படியைப் பற்றியதாயினும், சட்டப்பிரிவு மக்கட்கும் ஒன்றே. சித்தாந்த நெறியும் இதற்கு மாறன்று. நுகர்ச்சி வினைசெய்த உயிரைப் பற்றியது. பசியோ மற்றோர் உயிரினது. தந்தை சிறையிற் பட்டினி கிடப்பினும் மகவின் வயிறு நிரம்புமோ?

ஒப்பந்தம் முடிந்து வேலையிழந்தவன் என்செய்வான் எனின், அவனும் வழியற்றவனல்லன். நிலை மாறியதைக் காட்டி, படியின் அளவைத் திருத்துமாறு 146-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கலாம்.