கடிக்காத செருப்பு

போன தை மாதம் தாமிரபரணிக் கரையோரமாக நடக்கத் தொடங்கினேன். ஒரே மூச்சாக இல்லை. சென்னையில் ஐடி வேலை. சனி, ஞாயிறும் பண்டிகை லீவும்தான் நமக்குச் சொந்தம். பாபநாசத்தில் ஆரம்பித்து, ஊருக்கு வரும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து, என்றைக்காவது ஒருநாள் ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் போய் நிற்பது என்று திட்டம். திட்டம் போடுவதில் நமக்கு என்ன குறை? எக்செல் ஷீட்டே போட்டுவிட்டேன். அதில் ஒரு வரிசை 'செருப்பு'.

அந்த ஒரு வரிசைக்கு மட்டும் மூன்று வாரம் ஆராய்ச்சி. ஷூ வேண்டாம், ஆற்றில் இறங்கி ஏறினால் உள்ளே தண்ணீர் தங்கிக் கால் ஊறிப்போகும், சாண்டல்தான் சரி என்பதுவரை ஒழுங்காகத்தான் யோசித்திருந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். எட்டாம் நம்பர். கல்லூரிக் காலத்திலிருந்து நான் எட்டாம் நம்பர்தான்.

பாபநாசம் படித்துறையில் காலை நனைத்துவிட்டுக் கிளம்பினேன். விக்கிரமசிங்கபுரம் தாண்டுவதற்குள் இரண்டு சுண்டுவிரல்களும் எரிய ஆரம்பித்தன. பழகினால் சரியாகிவிடும் என்று நடந்தேன். அம்பாசமுத்திரம் நெருங்கியபோது வலது சுண்டுவிரலின் வெளித்தோல் உரிந்து வாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். தை வெயில்தான், ஆனாலும் பதினொரு மணித் தார் ரோடு தார் ரோடுதானே. நிழல் பார்த்து நிழல் பார்த்து, ஒரு தெருவுக்குள் திரும்பினேன்.

கையில் செருப்போடு, வெறுங்காலோடு, ஓர் ஊர்த் தெருவில் நடந்து போகிற ஆள். இந்தக் காட்சியைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அதில் நடந்து போகிறவர் எங்கள் வீட்டு ஆளாக இருந்ததே இல்லை.

*

முதலில் செருப்புக் கணக்கை முடித்துவிடுகிறேன்.

நாம் சொல்லும் 'எட்டு', 'ஒன்பது' எல்லாம் இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர் போல. ஐரோப்பிய நம்பரில் ஒரு படி என்பது மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர். இரண்டுமே சொல்வது நீளத்தை. என் சுண்டுவிரலுக்கு வேண்டியிருந்தது அகலம். அகலத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இது என் ஒருவன் பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்திருக்கிறது. பொதுவாக இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பது அதில் கிடைத்த முக்கியமான செய்தி. அகலம் போதாததால் நாம் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். அப்புறம் நீளம் மிஞ்சி, இறக்கத்தில் கால் முன்னால் வழுக்குகிறது. நமக்கென்று தனி அளவுமுறை கொண்டுவர முயற்சி நடக்கிறது. அதற்கு 'பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தனை காலம் வேறு யாருடைய காலுக்கோ செய்த கட்டையில் நம் காலைத் திணித்துவிட்டு, "என் கால்தான் கொஞ்சம் கோளாறு" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளங்கள், பெரிய காலுக்கு வாங்குங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. எழுந்து நின்றால்தான் பாதம் விரியும். விரலுக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் இடம், சுண்டுவிரலும் குதிகாலும் சோலுக்கு வெளியே பிதுங்காத அகலம். முன்னால் ஒன்று, மேல்பாதத்தில் ஒன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று வார்களையும் தனித்தனியாக இறுக்கித் தளர்த்த முடிய வேண்டும். செருப்பை மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். ஆற்றில் இறங்குவதென்றால் தோல் வேண்டாம், நனைந்து காய்ந்து விறைத்துவிடும். பாபநாசத்துப் பாசிப் பாறையில் எந்தச் சோலும் நிற்காது. அங்கே செருப்பை நம்பாமல் கையை ஊன்றி இறங்க வேண்டியதுதான்.

*

மறுநாள் நொண்டிக்கொண்டே திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செருப்பு தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். சாண்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் சரியாத்தான் இருக்கு தம்பி. ஒங்க காலு அகலம். வெளி வார கொஞ்சம் தள்ளி வச்சுத் தைக்கணும். காலக் குடுங்க."

குனிந்து என் காலைப் பிடிக்க வந்தார். நான் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி."

"கால பாக்காம வார எங்கன வச்சுத் தைக்க?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நொடி போகவில்லை. ஏன் இழுத்தேன்? அப்பா வயதுள்ளவர் காலைத் தொடலாமா என்ற மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டாக்டர் தொட்டால் இழுக்கிறேனா? அவருக்கும் அப்பா வயதுதான். செருப்புக் கடையில் சீருடை போட்ட பையன் மண்டியிட்டு மாட்டிவிடும்போது இழுக்கிறேனா? மரியாதை என்றால் அவர் வேலையைச் செய்யவிட்டிருக்க வேண்டும். என் கூச்சம் அவருக்காக வந்தது இல்லை. அந்தக் காட்சியில் நான் யாராகத் தெரிவேன் என்ற பயம் அது.

காரணம் இருக்கிறது. தாத்தாவின் ஊரில் ஒரு முதியவர் வருவார். தாத்தாவுக்குத் தோல்செருப்பு தைத்துக் கொடுத்தவர். முன்வாசலுக்கு வரமாட்டார், தொழுவத்துப் பக்கம் நிற்பார். தாத்தா காகிதத்தின் மேல் காலை வைக்க, அவர் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுப்பார். தாத்தாவுக்கு இடது கால் பெருவிரலில் பழைய அடி. அந்த இடத்தில் மட்டும் வாரைக் கொஞ்சம் தளர்த்தித் தைப்பார். யாரும் சொல்லவேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது ஆறேழு வயது. நான் அவரை 'நீ' என்பேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். எல்லார் காலுக்கும் செருப்பு தைத்தவர் எங்கள் தெருவுக்குள் செருப்பு போட்டு வந்து நான் பார்த்ததில்லை. அப்பா காலத்தில் அவருடைய ஆட்கள் தெருமுனையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்களாம். அப்பா இதைச் சொல்லும்போது குரலில் வருத்தமும் இருக்காது, பெருமையும் இருக்காது. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொல்வார்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று கடந்துவிடலாம்தான். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதவேண்டி வந்தது. 1989 சட்டத்துக்கு 26 வருடம் கழித்து, செருப்பு என்ற பொருளைப் பெயர் சொல்லி எழுதவேண்டியிருந்தது என்றால், யாரோ எங்கோ இன்னும் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

*

நான் நடக்கத் தொடங்கிய பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள், காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்டமே அங்கே திரளும். அந்த வளாகத்தில் பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகச் செருப்புகள் தொங்கும். வேண்டிக்கொண்டவர்கள் புதுச் செருப்பு வாங்கிக் கட்டுகிறார்கள். அடுத்த வருடம் பார்த்தால், யாரோ போட்டு நடந்த மாதிரி அவை தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. பட்டவராயன் இரவில் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் காவல் சுற்றுகிறான். நம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்பைக் கும்பிடப் போகிற சன்னதி.

பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். பிராமணன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் கண்டு மணக்க ஆசைப்பட்டான். அவர்களுடைய அப்பா வாலப்பகடை நிபந்தனை போட்டார். குடுமியை எடு, பூணூலை அறு, எங்களைப் போலத் தோல் வேலை செய், செருப்பு தைத்து விற்று வா. பட்டன் செய்தான். கல்யாணம் ஆன கையோடு, மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். அந்தத் தீயைக் கதை பெருமையாகச் சொல்கிறது. என்னால் அதைப் பெருமையாகக் கேட்க முடியவில்லை.

நெல்லைக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று அதில் வருகிறது. யாருக்கோ கதை கடித்திருக்கிறது. தங்கள் காலுக்கேற்ற மாதிரி வாரைத் தளர்த்திக்கொண்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் வாலப்பகடை. காதலை அவர் சந்தேகிக்கவில்லை, ஆனால் காதல் மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. 'எனக்குச் சாதியில் நம்பிக்கை இல்லை' என்று பட்டன் வாயால் சொல்லியிருந்தால் அவர் பெண் கொடுத்திருக்கமாட்டார். கை நாற வேண்டும். ஊசி விரலில் குத்த வேண்டும். அதைச் சந்தையில் கொண்டுபோய், நாலு பேர் பார்க்க, தலையில் வைத்து விற்க வேண்டும். நான் காலை இழுத்துக்கொண்டது நினைவுக்கு வருகிறது. என்னுடையது வாய் மரியாதை. அவர் கேட்டது கை மரியாதை.

*

நல்ல செருப்பு எது? போட்டிருக்கிறோம் என்பதே மறந்துபோகிற செருப்பு. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் அதன் ஞாபகம் வராது. சௌகரியம் என்றாலே ஒருவகை மறதிதான். அதில் தப்பே இல்லை. நாள் முழுக்கச் சுண்டுவிரலை நினைத்துக்கொண்டு நடந்தால் ஆற்றை எப்போது பார்ப்பது? செருப்புக் கடிப்பதால் யாருக்கும் நியாயம் கிடைக்கப்போவதில்லை. வெறுங்காலோடு நடந்து நான் பரிகாரம் தேடினால் அது வெறும் நடிப்பு. அவர்கள் கேட்டது செருப்பு போட்டு நடக்கும் உரிமையை. நான் கழற்றுவதை இல்லை.

ஆனால் ஒரு மறதி இன்னொரு மறதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. காலை மறக்கலாம். காலை மறக்கும்படி செய்துகொடுத்த கையையும் சேர்த்து மறந்துவிடுகிறோம். தாத்தாவுக்குச் செருப்பு ஒருநாளும் கடித்ததில்லை. அதனாலேயே, தொழுவத்துப் பக்கம் நின்ற ஆளைப் பற்றி அவர் யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. வீட்டில் எல்லோர் காலுக்கும் அவ்வளவு பொருத்தமாகத் தைத்தவருக்கு அந்த வீட்டில் நிற்க ஒரு பொருத்தமான இடம் இல்லை. இந்த இரண்டும் ஒரே வாசலில் பல வருடம் நடந்திருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை.

பட்டவராயன் சன்னதியில் தேய்ந்த செருப்பைப் பார்ப்பவர்கள் செய்வது இதற்கு நேர் எதிரான காரியம் என்று தோன்றுகிறது. யாரோ நடந்திருக்கிறார்கள், நமக்காக நடந்திருக்கிறார்கள் என்று தேய்மானத்தில் படிக்கிறார்கள்.

ஜங்ஷன் பெரியவரிடம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை காலைக் கொடுத்தேன். கூச்சம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவர் விரலால் அமுக்கிப் பார்த்து, வெளி வாரைப் பிரித்து, ஒரு துண்டு வைத்து நீட்டித் தைத்தார். அன்றைக்கு நான் போட்டு வந்திருந்த பழைய செருப்பைக் கவிழ்த்துப் பார்த்து, "வலது காலு வெளிப்பக்கமா சாஞ்சு நடக்கீங்க, பாத்தீங்களா?" என்று தேய்ந்த ஓரத்தைக் காட்டினார். முப்பத்து நாலு வருடமாக நடக்கிறேன், எனக்குத் தெரியாது.

"ஒங்களுக்கு யாரு தைப்பா அண்ணாச்சி?"

காலைக் காட்டினார். கடையில் வாங்கிய ரப்பர் செருப்பு. "நமக்குத் தைக்க எங்க தம்பி நேரம்?"

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாக நடந்தேன். செருப்பு கடிக்கவில்லை. ஒரு மணி நேரம் அதை மறந்தேபோனேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "தாத்தாவுக்குச் செருப்பு தைப்பாங்கள்லா ஒருத்தங்க, அவங்க பேரு என்னப்பா?"

அப்பா யோசித்தார். சோற்றில் கை வைத்தபடியே ரொம்ப நேரம் யோசித்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் தெரியவில்லை. "சாதியச் சொல்லித்தானய்யா கூப்பிடுவோம்" என்றார் கடைசியில், மெதுவாக. முதல் தடவையாக அவர் குரலில் ஏதோ இடறியது.

வாலப்பகடை என்ற பெயரைப் பாட்டு இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது. தாத்தாவின் இடது பெருவிரல்வரை தெரிந்து வைத்திருந்தவரின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த நடை சேரன்மகாதேவி வரை. அதற்கு முன்னால் தாத்தாவின் ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும். யாருக்காவது ஞாபகம் இருக்கும்.