திருத்தம் முடியும்வரை பறக்கலாமா?

ஒரு விமான வகையில் குறை இருப்பது தெரிந்துவிட்டது. அதற்கான திருத்தமும் முடிவாகிவிட்டது. ஆனால் எல்லா விமானங்களிலும் அதைச் செய்து முடிக்க நாள் பிடிக்கும். அந்த இடைக்காலத்தில் பயணிகளை ஏற்றிப் பறப்பது அறமாகுமா? 2025 நவம்பர் 28 அன்று ஏர்பஸ் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு இந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 30 அன்று, மெக்சிகோவின் கான்குனிலிருந்து அமெரிக்காவின் நியூவர்க்குக்குச் சென்ற ஜெட்புளூ ஏ320 விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தி இறங்கியதில் பலர் காயமுற்றனர். கடுமையான சூரியக் கதிர்வீச்சு, விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின் தரவைச் சிதைக்கக்கூடும் என்று ஆய்வில் தெரிந்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களுக்கு இது பொருந்தியது. மென்பொருளை மாற்றிய பிறகே பயணிகளை ஏற்ற வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஆணையிட்டது.

மலேசியாவின் சிப்பாங்கைத் தளமாகக் கொண்ட ஏர்ஏசியா பெரிதும் ஏ320 குடும்ப விமானங்களையே இயக்குகிறது. திருமணத்துக்கும் துக்கத்துக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் திருச்சிக்குப் போய்வரும் குடும்பங்கள் பல ஏறுவது இவ்வகை விமானங்களில்தான். ஏறும் எவருக்கும் மென்பொருளின் பதிப்பு எண் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. ஆகவே முதல் நெறி இதுதான்: ஆபத்தைச் சுமப்பவர் அறியாதபோது, அவர் சார்பில் அதை ஏற்கும் உரிமை வேறு எவருக்கும் கிடையாது.

இந்நெறி மீறப்பட்டதன் விலையைப் போயிங் 737 மேக்ஸ் காட்டியது. 2018 அக்டோபர் 29 அன்று அவ்வகையைச் சேர்ந்த லயன் ஏர் விமானம் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். ஒரே உணர்கருவியின் தவறான தகவலை நம்பி விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளிய மென்பொருளே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. திருத்தப்படாவிட்டால் அவ்வகை விமானங்களின் மொத்த ஆயுட்காலத்தில் சுமார் 15 பெருவிபத்துகள் நேரக்கூடும் என்று அமெரிக்க விமான ஆணையமே அவ்வாண்டு டிசம்பரில் கணக்கிட்டது. இருந்தும் விமானிகளுக்கான அறிவுறுத்தல் போதும் என்று பறக்க விட்டது. 2019 மார்ச் 10 அன்று அதே வகை விமானம் எத்தியோப்பியாவில் விழுந்து மேலும் 157 உயிர்கள் போயின. மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் மார்ச் 12 அன்று தன் வான்வெளியில் அந்த விமானங்களுக்குத் தடை விதித்தது. அமெரிக்கா தடை விதித்தது மறுநாள்தான்.

ஆதாயத்தை எண்ணி முதலையே இழக்கும் செயலை அறிவுடையோர் தொடங்கமாட்டார்கள் என்பது தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. இங்கே முதல் என்பது மனித உயிர். வரப்போவதை முன்னறிந்து காப்பதே அறிவின் இலக்கணம் என்று அறிவுடைமை அதிகாரமும் வற்புறுத்துகிறது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பிய பாண்டியனின் வீழ்ச்சியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தயாரிப்பாளரின் உறுதிமொழியைத் தானே சோதிக்காமல் ஏற்கும் கண்காணிப்பு அமைப்பும் அதே பிழையைச் செய்கிறது. கன்றை இழந்த பசுவின் துயருக்குத் தன் மகனின் உயிரையே ஈடாக வைத்தான் மனுநீதிச் சோழன். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரியும் அந்த விமானத்தில் தம் பிள்ளையை ஏற்றி அனுப்புவாரா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விமானங்களை நிறுத்துவதாலும் இழப்பு உண்டு; பயணங்கள் தடைபடும், தொழிலாளர் வருமானம் குறையும், சிறு குறைக்கெல்லாம் நிறுத்தினால் வான்வழியே முடங்கும். இது உண்மைதான். அதனால்தான் அவகாசம் தரும் மரபும் உள்ளது. 2019 நவம்பரில் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், இண்டிகோவின் 97 ஏ320நியோ விமானங்களில் திருத்தப்படாத பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களை 2020 ஜனவரி 31-க்குள் மாற்றச் சொன்னது.  ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்று காக்கும் என்ற அளவில் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் கெடு பின்னர் மே 31 வரை நீட்டிக்கப்பட்டது. நீளும் ஒவ்வொரு கெடுவும் பயணியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

ஆகவே காத்திருப்புக்கு அனுமதி தர மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். விமானியின் பிழையற்ற திறமையை மட்டும் நம்பாத இடைக்காலக் காப்பு இருக்க வேண்டும். கெடு நீளக்கூடாது. எந்த விமானம் திருத்தப்பட்டது, எது திருத்தப்படவில்லை என்பது டிக்கெட் வாங்குவோருக்குத் தெரிய வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விமானம் தரையில் நிற்பதே முறை. நிறுவனத்தின் நட்டத்தை அடுத்த ஆண்டில் ஈடுகட்டலாம். போன உயிரை எந்த ஆண்டிலும் ஈடுகட்ட முடியாது. இதை மறந்து எழுதப்படும் எந்த அனுமதியும் சட்டப்படி சரியாக இருந்தாலும் அறத்தின்முன் நிற்காது.