சல்லூமின் குமாரத்திகள்



2024 ஏப்ரல் 19, பாராளுமன்றத் தேர்தல். அன்றுதான் என் மகளுக்குப் பிறந்தநாள். முந்தின நாளே சிதம்பரம் தொகுதியில் வாக்குச்சாவடி வேலைக்குப் புறப்பட்டேன். "போகாதீங்கப்பா"ன்னு அழுதாள். அதட்டிவிட்டுப் போனேன். மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரங்களை ஒப்படைத்து வீடு சேர நள்ளிரவு தாண்டிற்று. கேக் வெட்டாமலே பிள்ளை தூங்கிப்போயிருந்தாள்.

அதிகாலை ஜெபத்தில் நெகேமியா 3:12 என்னோடு பேசிற்று. எருசலேமில் பாதிக்குப் பிரபுவான சல்லூம், அலங்கத்தைக் கட்டுகையில் தன் குமாரத்திகளையும் சேர்த்துக்கொண்டான். நானோ ஊர்வேலையைச் சொல்லி மகளைத் தள்ளிவிட்டேன்! கடமை பாவமல்ல, அதட்டினதே பாவம்.

அவளை எழுப்பி மன்னிப்புக் கேட்டேன். தடியூன்றி வந்து ஓட்டுப்போட்ட பாட்டியைப் பற்றிச் சொன்னேன். "நானும் போடுவேம்பா" என்றாள். அப்புறந்தான் கேக் வெட்டினோம்.

பெற்றோரே, ஊருக்கு உழையுங்கள். பிள்ளையையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமென்.