ஒரு நாள் உத்தியோகம்

இரவல் நகையைப் பற்றி நான் ஒரு காலத்தில் மிகவும் கண்டிப்பான அபிப்பிராயம் வைத்திருந்தேன். என்னுடைய நாவல் ஒன்றில் கதாநாயகி மணவறைக்குப் போகும் முன், அடுத்த வீட்டு அம்மாளிடமிருந்து தாயார் கேட்டு வாங்கி வந்த காசுமாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு நடந்து போகிறாள். அந்த அத்தியாயம் வெளியான வாரம் எனக்கு வந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. "பெண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாததை அணிந்து சபையில் நிற்பது ஒரு பொய். பொய்யோடு இல்லறத்தைத் தொடங்கலாமா? இதுதான் என் கட்சி.

அந்தக் கட்சியில் எனக்குச் சந்தேகம் தட்டியது ஹாங்காங்கில், ஒரு கல்யாண உடுப்புக் கடையில்.

யாவ் மா டெய் என்ற பகுதியில் ஷாங்காய் தெரு என்று ஒரு நீண்ட தெரு. அங்கே பல காலமாகக் கல்யாண உடைகளுக்குப் பேர்போன கடைகள் உண்டு. அவ்வூரிலேயே பல வருஷங்களாக உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர், "வாருங்கள், உங்கள் கதைக்கு உதவும்" என்று அழைத்துப் போனார். கடைக்குள் நுழைந்ததும் கண் கூசிற்று. சுவரெங்கும் சிவப்பு, சிவப்பின் மேல் பொன்னும் வெள்ளியுமாய் ஜரிகை. 'குவா' என்று கான்டன் பாஷையில் பேர். இடுப்புக்குக் கீழ் வரையில் ஒரு மேல்சட்டை, அதற்குப் பொருத்தமாய் ஒரு பாவாடை. சட்டையின் இரு பக்கத்திலும் டிராகனும் ஃபீனிக்ஸ் பறவையும் எதிரெதிரே நிற்கின்றன. டிராகன் மணமகன், பறவை மணமகள். அடியில் பஞ்சு வைத்து, அதன் மேல் ஜரிகையைப் படியவைத்துத் தைத்திருப்பதால் டிராகனின் உடம்பு துணியை விட்டுப் புடைத்து நிற்கிறது. விரலால் தடவினால் செதிள் செதிளாகத் தட்டுப்படுகிறது. இப்படி ஒரு உடையை முழுக்கக் கையால் தைத்து முடிக்கப் பல மாதங்கள் பிடிக்குமாம்.

இந்தக் குவாக்களுக்குள்ளும் ஜாதி உண்டு! துணி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஜரிகை குறைவாயிருந்தால் 'சின்ன ஐந்து பாக்கியம்'. அதற்கு மேல் நடுத்தரம், பெரிது. அதற்கும் மேலே 'குவா ராணி'. உச்சத்தில் 'குவா ராஜா'. அதில் சிவப்புத் துணி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். பாக்கியத்துக்கு அடையாளம் வௌவால். நமக்கு என்னவோ போலிருக்கிறது; ஆனால் சீன மொழியில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் 'ஃபூ' என்ற ஒரே ஓசை. ஐந்து வௌவால் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல் நலமும் மன அமைதியும், நற்குணத்தில் பற்று, கடைசியாக, வயது நிறைந்து நல்ல விதமாய்ச் சாவது. கல்யாணச் சட்டையிலேயே நல்ல சாவையும் சேர்த்துத் தைத்து வைத்த அந்த ஜனங்களின் தைரியத்தை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

"இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "வாங்குகிறவர்கள் சிலர்தான். பெரும்பாலும் ஒரு நாள் வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் இதை நீங்கள் இந்தக் காலத்துச் சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவில் கல்யாண உடையே ஆதியிலிருந்து இரவல்தான்."

அன்று அவர் சொன்னதையும், பின்னால் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

மிங் வம்சத்து ராஜாங்கத்தில் யார் எந்த உடை உடுத்தலாம் என்பது சட்டம். 1372ல் ஒரு கட்டளை: சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு போன்ற வெளிர் நிறங்களோடு நிற்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு கூடாது, மஞ்சள் கூடாது, பொன் ஜரிகை கூடாது. இன்று சீனக் கல்யாணம் என்றதும் நம் கண்முன் நிற்கும் அந்தச் செக்கச் சிவப்பே குடியானவன் பெண்ணுக்கு விலக்கப்பட்ட நிறம்!

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. கல்யாணத்தன்று மட்டும் சாதாரண மணமகன் ஒன்பதாம் படி உத்தியோகஸ்தனின் உடையை 'இரவல்' வாங்கி அணியலாம். அதிகாரிகளில் ஒன்பது படிகள். ஒன்பதாவது கடைசிப் படி. முதல் படிக்காரர் மார்பில் நாரை, ஒன்பதாம் படிக்காரர் மார்பில் காடை. காடையானால் என்ன? அதை அடைய மனிதர்கள் பாதி ஆயுளைப் பரீட்சை எழுதியே கழித்தார்கள். வயலில் உழுகிற பையனுக்கு அது ஒரு நாளைக்குக் கிடைக்கிறது. இன்றும் சீனர்கள் கல்யாண மாப்பிள்ளையை 'புது மாப்பிள்ளை அதிகாரி' என்று அழைக்கிறார்கள்.

கணவன் அதிகாரியானால் மனைவி அதிகாரியின் மனைவியாக வேண்டுமே! ஆகவே மணமகள் ஃபீனிக்ஸ் கிரீடமும், தோளிலிருந்து தொங்கும் 'ஷியாபெய்' என்ற அலங்கார ஆடையும் அணிவது வழக்கமாயிற்று. உண்மையில் அதிகாரிகளின் மனைவிமாருக்கே ஃபீனிக்ஸ் கிடையாது. அவர்கள் கிரீடத்தில் காட்டுக்கோழி இனத்துப் பறவைதான் இருக்கலாம்; ஃபீனிக்ஸ் அரண்மனைக்கு உரியது. குடியானவன் மகள் ஒன்பதாம் படியைத் தாண்டி, எட்டையும் ஏழையும் தாண்டி, நேரே சக்கரவர்த்தினியின் பறவையைத் தலையில் வைத்துக் கொண்டுவிட்டாள்.

அசல் கிரீடம் எப்படியிருக்கும் என்பது 1950களின் பிற்பகுதியில், பீகிங் நகருக்கு வெளியே வான்லி சக்கரவர்த்தியின் கல்லறையைத் திறந்தபோது தெரிந்தது. உள்ளே நான்கு கிரீடங்கள். ஒன்றில் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு முத்துக்களுக்கு மேல், நூறு ரத்தினங்களுக்கு மேல். எடை இரண்டு கிலோவுக்கு அதிகம். நீல நிறத்துக்கு மீன்கொத்தியின் இறகை ஒட்டியிருக்கிறார்கள். அந்த நீலம் மங்குவதே இல்லை என்கிறார்கள். மங்காத அந்த நீலத்துக்காக எத்தனை மீன்கொத்திகள் மடிந்தனவோ! அது தனியாக எழுத வேண்டிய பாவம். கிராமத்து மணமகளின் கிரீடத்தில் முத்துக்குப் பதில் கண்ணாடி மணி, பொன்னுக்குப் பதில் முலாம் பூசிய கம்பி. அதுவும் பெரும்பாலும் பல்லக்குக் கடையிலிருந்து வாடகைக்கு வந்தது.

நண்பர் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உங்கள் நாவலை நானும் படித்திருக்கிறேன். உங்கள் கதாநாயகி இதற்கு என்ன சொல்வாள்?" என்று கேட்டார்.

"கழற்றி வை என்பாள். வருஷம் முழுவதும் சிவப்புக் கூடாது என்று அடக்கி வைத்துவிட்டு, ஒரு நாள் மட்டும் உடுத்திக் கொள் என்பது மரியாதையா? அந்த ஒரு நாள் அனுமதிதான் மற்ற நாட்களின் தடையைக் கெட்டிப்படுத்துகிறது. குழந்தை அழாமலிருக்க மிட்டாய் கொடுப்பது போல" என்றேன்.

"யார் ஏமாந்தார்கள், சொல்லுங்கள். அந்தப் பையன் அதிகாரியல்ல என்று ஊரில் யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரிந்த பொய் எப்படிப் பொய்யாகும்? அந்த உடை குடியானவனுக்கும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அன்று ஊரே பார்த்துவிடுகிறதே, அதைச் சட்டம் திரும்பப் பிடுங்க முடியுமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சீனாவின் நிங்போ வட்டாரத்தில் வழங்கும் ஒரு கதை பிறகு என் கண்ணில் பட்டது. சுங் வம்சத்து இளவரசர் ஒருவர் பகைவருக்குப் பயந்து ஓடி வருகிறார். கிராமத்துப் பெண் ஒருத்தி அவரைத் தானியக் கூடையின் கீழ் ஒளித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு காப்பாற்றுகிறாள். "வாசலில் உன் முன்றானைத் துணியைத் தொங்கவிடு, நான் அரசனானதும் அடையாளம் கண்டு ஆளனுப்பி அழைத்துக் கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போகிறார். பின்னால் ஆட்கள் வந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு துணி தொங்குகிறது! யாரென்று தெரியாமல், "இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கல்யாணத்தன்று ஃபீனிக்ஸ் கிரீடம் அணிந்து பல்லக்கில் போகலாம்" என்று அரசர் உத்தரவு போட்டுவிட்டாராம். கதை சரித்திரமல்ல. ஆனால் அதைச் சொல்லி வந்த பெண்களுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்திருக்கிறது: கிரீடம் சர்க்கார் போட்ட பிச்சையல்ல, தங்களில் ஒருத்தி சம்பாதித்தது. அதை அவள் ஒருத்தியே வைத்துக் கொள்ளாமல் ஊரே சேர்ந்து துணி தொங்கவிட்டுப் பங்கு போட்டுக் கொண்டது.

இந்தக் கதை என்னை வெகுவாக அசைத்தது. ஆனாலும் முழுச் சமாதானம் வந்துவிடவில்லை. மணமகளின் தலையில் கிரீடம் வைத்ததும் என்ன செய்தார்கள்? அதன் மேல் ஒரு சிவப்புத் துணியைப் போட்டு முகத்தை மூடினார்கள். கட்டிக் குறுக்கிய பாதங்களோடு, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். வழியில் அவளை ஒருவரும் பார்க்கவில்லை; அவளும் ஒன்றையும் பார்க்கவில்லை. கணவனுடைய பதவி இரவல். அந்த இரவல் பதவியிலிருந்து அவளுடையது இன்னொரு இரவல். அவன் அதிகாரியாக ஊரைப் பார்த்து நடந்தான். அவள் ராணியாக இருட்டில் உட்கார்ந்திருந்தாள். என் நண்பர் சொன்ன நியாயம் மாப்பிள்ளைக்குப் பொருந்துகிற அளவு பெண்ணுக்குப் பொருந்தவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நாங்கள் இப்படி வாதாடிக் கொண்டிருக்கையில் கடைக்குள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு அறுபது இருக்கும். கையில் காய்கறிப் பை. மகள் 'சின்ன ஐந்து பாக்கியம்' ஒன்றைக் காட்டி ஏதோ சொன்னாள். தாய் தலையை ஆட்டி, மேலே தொங்கிய 'குவா ராணி'யைக் காட்டினாள். இருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வளர்ந்தது. நண்பர் எனக்குத் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தார்.

"ஒரு நாள்தானே, இது போதும் என்கிறாள் மகள். ஒரு நாள்தான் என்பதால்தான் அது வேண்டும் என்கிறாள் தாய். அவள் கல்யாணத்துக்கு எடுத்தது சின்னதாம். அதுவும் அக்கா உடுத்திக் கழற்றிய அதே நாளில், சாயங்காலம் இவள் உடுத்திக் கொண்டாளாம்."

மகள் உள்ளே போய் 'குவா ராணி'யை உடுத்திக் கொண்டு வந்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள். முகத்திரை ஏதுமில்லை. கனத்தில் தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. பிறகு அவளே அதை நிமிர்த்திக் கொண்டாள். தாய் பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு, கிட்டே வந்து வௌவால்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

ஊர் திரும்பியதும் என் பழைய நாவலை எடுத்து அந்த அத்தியாயத்தைப் படித்தேன். கதாநாயகி நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் காசுமாலையைத் தன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாளே அடுத்த வீட்டு அம்மாள், அவளுக்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அவள் பேர்கூட இல்லை. அன்று மாலை அந்த மேஜையிலிருந்து மாலையை யார் எடுத்துக் கொண்டு போய் அவளிடம் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் நான் யோசித்திருக்கவில்லை.

ஷாங்காய் தெருக் கடைக்காரி ரசீது எழுதும்போது, திருப்பித் தர வேண்டிய தேதியை இரண்டு தரம் சொன்னாள். தாய் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து, மடித்து, காய்கறிப் பைக்குள் கீரைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டாள்.